பின்னி அவிழ்த்த பிடரி

ஈரச் சீப்பின் பற்களில் கஸ்தூரியின் பிடரிமயிர் சிக்கிக்கொண்ட அந்தக் கணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவளுடைய காதுகள் இரண்டும் ஒரே சமயத்தில் பின்னால் படிந்தன. கழுத்துத் தோல் அலைபோல ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் பாய் கயிற்றைப் பிடித்தபடி, “ஹோ… ஹோ…” என்று தொண்டைக்குள்ளேயே சொன்னார். சீப்பை இழுக்கவும் பயம், விடவும் பயம். நான் அப்படியே நின்றேன். இரண்டடி தள்ளி, வெள்ளைக் கால்சட்டையும் கறுப்புக் கோட்டுமாக நின்றிருந்த அக்கா, “நிறுத்தாதடி. நிறுத்தினா நீ பயந்துட்டேன்னு அதுக்குத் தெரிஞ்சிடும்” என்றாள். அதைச் சொன்ன அவளுடைய குரலே சரியாக இல்லை.

எங்கள் வீட்டில் குதிரைக்கும் யாருக்கும் சம்பந்தம் இருந்ததில்லை. அப்பாவுக்குத் தி.நகரில் துணிக்கடை, மயிலாப்பூரில் வாடகை வீடு. தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் போன அக்கா, ஒருநாள் திடீரென்று குதிரையேற்றம் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அம்மா சிரித்தாள். ஆனால் மறுவாரத்திலிருந்து அக்கா விடியும் முன்பே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அடையாறு தாண்டியிருந்த ஒரு குதிரையேற்றப் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். திரும்பி வரும்போது அவள்மேல் வியர்வையும் வைக்கோலும் கலந்த ஒரு வாடை அடிக்கும். குளித்துவிட்டு, தலையைப் பின்னிக்கொண்டு ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். அந்த நாட்களில் அவள் முகத்தில் இருந்த தெளிவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கஸ்தூரி அவளுடைய குதிரை அல்ல. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த அந்தப் பழுப்புப் பெண்குதிரையை, தி.நகர் நகைக்கடைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் வாங்கிப் பள்ளியில் விட்டிருந்தார். முதுகுவலி வந்து அவர் சவாரியை நிறுத்தியதும், யாராவது ஓட்டட்டும் என்று பயிற்சி தரும் மாஸ்டரிடம் சொல்லிவிட்டார். வந்த புதிதில் அவள் சாதுவாகத்தான் இருந்தாளாம். பிறகு என்ன ஆனதோ, தலையை யாரும் தொடக்கூடாது என்று ஆகிவிட்டது. கடிவாளம் மாட்டப் போனால் கழுத்தை ஒட்டகம் மாதிரி உயர்த்திக்கொள்வாள். காதுப் பக்கம் கை போனால் கடிக்க வருவாள். கடிவாளத்தின் தலைவாரை முழுக்கக் கழற்றி, காதுகளைத் தொடாமல் அவற்றின் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து கன்னத்தில் பூட்டுவது என்று ஒரு வழி கண்டுபிடித்தார் பாய். திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினாள். ஒவ்வொருவராக அவளை விட்டு விலக, கடைசியில் அக்கா மட்டும்தான் மிஞ்சினாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்த அன்றுதான் அது நடந்தது. திருப்பத்தில் அக்கா கடிவாளத்தை இழுத்ததும் கஸ்தூரி தலையை உதறி முன்கால்களைத் தூக்கினாள். அக்கா பக்கவாட்டில் விழுந்தாள். விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. வலது மணிக்கட்டில் தகடு வைத்துத் தைத்தார்கள். அதன் பிறகு பல மாதம், காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். இனிமேல் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று அம்மா சொன்னாள். கட்டுப் பிரித்ததும் போனாள், அதே குதிரையிடம். ஆனால் இப்போது போனவள் வேறு அக்கா. முன்பு கஸ்தூரியைப் பற்றிச் செல்லமாகப் பேசுவாள், இப்போது, “அதுக்குக் கொழுப்பு. நான் யாருன்னு காட்டறேன்” என்பாள். கையில் பிரம்பு இல்லாமல் ஏறுவதில்லை.

தை மாதம் நகரத்தில் குதிரைக் கண்காட்சி வந்தது. அக்கா பெயர் கொடுத்திருந்த பிரிவில் குதிரை தடை எதையும் தாண்ட வேண்டியதில்லை. அது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, பிடரி எவ்வளவு நேர்த்தியாகப் பின்னப்பட்டிருக்கிறது, சொன்ன சொல்லுக்கு எப்படி நடக்கிறது என்பதைத்தான் நடுவர்கள் பார்ப்பார்கள். நகைக்கடைக்காரர் அதற்கு முந்தைய வாரமே வந்து மாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “இந்த ஷோல ஒழுங்கா நடந்தா வெச்சுக்கலாம். இல்லேன்னா ஊர்வலத்துக்குக் குதிரை விடறவங்க கேக்கிறாங்க, கொடுத்துடறேன்.” கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியத்துக்கும் பட்டாசுக்கும் நடுவே தலையைத் தொடவிடாத ஒரு குதிரை என்ன பாடுபடும் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா அன்றிரவு சாப்பிடவில்லை.

பிடரி பின்னுவது பாயின் வேலை. கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால், காதோரம் ஒட்டியிருந்த வைக்கோலை எடுக்கப் போன அவருடைய கையைக் கஸ்தூரி கடித்துவிட்டாள். விரல்களெல்லாம் கட்டு. அக்காவின் மணிக்கட்டுக்கோ இறுக்கி இழுக்கும் பலம் கிடையாது. அப்படித்தான், குதிரையை எட்ட நின்று பார்த்தே பழகிய நான், கண்காட்சி அன்று காலை வெயிலில் ஒரு முக்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன்.

“இன்னாமா, மனுஷ ஜடைதான? அதே மாதிரிதான். குட்டி குட்டியா கீது, அவ்ளோதான்” என்றார் பாய். “வாயாண்ட மட்டும் போவாத. கழுத்தாண்டயே நில்லு. காதப் பாத்துக்கினே பின்னு.”

கழுத்து முதுகோடு சேரும் இடத்திலிருந்து தொடங்கினேன். முடியை நனைத்து, சீப்பால் ஒரு பிடி பிரித்து, மூன்று புரியாக்கி இறுக்கிப் பின்ன வேண்டும். நுனியை நூலால் கட்டி, மடித்துச் சுருட்டி, ஊசியால் தைத்து ஒரு பொத்தானைப் போல உட்காரவைக்க வேண்டும். மனிதத் தலைமுடியைவிட அது முரடு. ஆனால் சொன்ன பேச்சு கேட்டது. முதல் சில பின்னல்கள் கோணலாக வந்தன. அவிழ்த்து மறுபடி போட்டேன். பிறகு கை பழகிவிட்டது. அவளுடைய உடம்புச் சூடு என் வயிற்றில் பட்டது. ஒரு கட்டத்தில் அவள் கீழுதட்டைத் தொங்கவிட்டு, ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நின்றாள். “பாத்தியா, தூங்குது” என்றார் பாய். அக்கா சிரிக்கவில்லை. ஒலிபெருக்கியில் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவள் பிரம்பைக் கோட்டுக் கையில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கழுத்தில் பாதி தாண்டியதும் கஸ்தூரி விழித்துக்கொண்டாள். முக்காலியை ஒவ்வொரு தடவை முன்னால் நகர்த்தும்போதும் கண்ணின் வெள்ளை தெரிய என்னைப் பார்த்தாள். வால் சுழன்றது. முன்னங்குளம்பால் மண்ணைப் பறித்தாள். காதுக்குப் பக்கத்தில் கடைசி இரண்டு பின்னல்கள்தான் பாக்கி. அவை இல்லாமல் விட்டால் பல் போன வாய் மாதிரி தெரியும். மாஸ்டர் தூரத்திலிருந்தே, “இன்னும் ஆகலையா? உங்களுக்கு முன்னால மூணு பேருதான்” என்று கத்திவிட்டுப் போனார்.

நான் கையைக் கழுத்திலிருந்து எடுக்காமலே மெல்ல மேலே நகர்த்தினேன். அக்காவுக்குத் தலைவலி வரும் நாட்களில் அப்படித்தான் செய்வேன். தொட்டுக்கொண்டே போனால் திடுக்கென்று இருக்காது. காதுகள் படிந்தன. பாய் கயிற்றை இறுக்கினார். கஸ்தூரி கடிக்கவில்லை. நடுங்கினாள். பிடரிமயிரின் அடியில் என் விரல் போனபோது அங்கே ஏதோ புடைத்திருந்தது. எலும்பு என்று நினைத்தேன். எலும்பு இவ்வளவு சூடாக இருக்காது. லேசாக அழுத்தினேன். அவள் தலையைத் தூக்கவில்லை. என் பக்கமாகச் சாய்த்து, மனிதர்கள் முனகுவது போலவே முனகினாள். விரல் நுனியில் ஏதோ ஈரம். முகர்ந்து பார்த்தேன். புண்ணின் வாடை.

“அக்கா, இங்க ஏதோ இருக்கு. சீழ் வருது.”

“அப்புறம் பாத்துக்கலாம். பின்னு.”

“வார் சரியா இது மேலதான் வரும்க்கா.”

“பின்னி முடிடி!” என்று கத்தினாள். பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் கெஞ்சுவது போலப் பேசினாள். “பத்து நிமிஷம்தான். உள்ள போய்ச் சுத்திட்டு வந்துடறேன். இன்னிக்குப் போகலேன்னா இதை ஊர்வலத்துக்கு அனுப்பிடுவாங்க. தெரியும்ல உனக்கு? இதுக்காகத்தான் சொல்றேன்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் முக்காலியிலிருந்து இறங்கி, “நீயே தொட்டுப் பாரு” என்றேன்.

அக்கா பிரம்பைக் கீழே வைத்துவிட்டு ஏறினாள். கோட்டுக் கையை மடித்துக்கொண்டு, தகடு வைத்த அந்தக் கையைப் பிடரிக்குள் விட்டாள். கஸ்தூரி மறுபடி நடுங்கினாள், மறுபடி முனகினாள். அக்காவின் விரல்கள் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. எவ்வளவு நேரம் நின்றாளோ, எனக்கு மிக நீண்டதாக இருந்தது. ஒலிபெருக்கியில் அவளுடைய பெயரும் கஸ்தூரியின் பெயரும் வந்தன. முதல் அழைப்பு. அவள் அசையவில்லை. பிறகு எங்கள் யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: “இதுமேலயேதான் நான் தெனமும் இழுத்துக்கிட்டு இருந்திருக்கேன்.”

இரண்டாவது அழைப்பு வந்தபோது நூல் வெட்ட நான் வைத்திருந்த கத்தரிக்கோலை வாங்கி, நான் கடைசியாகப் போட்டிருந்த பின்னலின் தையலை அவளே வெட்டினாள். பிறகு அதற்கடுத்தது. “நீ கீழயிருந்து அவுத்துக்கிட்டு வா” என்றாள். “அவளுக்கு ரொம்ப இறுக்கமா இருக்கு.” கீழே விழுந்த பிறகு, கஸ்தூரியை ‘அது’ என்று சொல்லாமல் ‘அவள்’ என்று அக்கா சொன்னது அன்றுதான் முதல்முறை. மூன்றாவது அழைப்பு வந்து, அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் இரு முனையிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்து கழுத்தின் நடுவில் சந்தித்தோம். அக்காவின் முகம் முழுக்க நனைந்திருந்தது.

மாஸ்டர் ஓடிவந்து கத்தினார். பின்னாலேயே நகைக்கடைக்காரர். அக்கா, “டாக்டரைக் கூப்பிடுங்க சார்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். களத்து ஓரமாக இருந்த கால்நடை மருத்துவர் வந்து, மரத்துப்போக ஊசி போட்டு, மயிரை மழித்து, கீறினார். சீழோடு, அரை விரல் நீளத்துக்கு, கறுத்துப்போன ஒரு சீமைக் கருவேல முள் வந்தது. பல மாதமாக உள்ளே இருந்திருக்கிறது, மேலே சதை மூடி, வீங்குவதும் வடிவதுமாக இருந்திருக்கிறது என்றார். பாய் கட்டுப்போட்ட கையால் தலையில் அடித்துக்கொண்டார். “கண்ணு, எம்மாம் நாளு… ஒரு வார்த்த சொல்லத் தெரியலியே ஒனக்கு.” நகைக்கடைக்காரர் முள்ளை வெகுநேரம் பார்த்தார். “இத்தனை பேர் இருந்தும் யாருமே பாக்கலையா?” என்றார்.

ஊர்வலப் பேச்சு அன்றோடு போயிற்று. புண் ஆற ஆற, பழைய கஸ்தூரி திரும்பி வந்தாள். அக்காதான் தினமும் போய் மருந்து வைத்தாள். தானாகவே தலையைத் தாழ்த்திக் கொடுக்கிறாள் என்று வீட்டில் வந்து சொல்வாள். அம்மாகூட ஒருநாள் கேரட் வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்து நகைக்கடைக்காரர் பள்ளிக்கு வந்தார். கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து தன் தங்கை மகள் வந்திருப்பதாகவும், நன்றாகச் சவாரி செய்வாள் என்றும், குதிரைதான் இப்போது சரியாகிவிட்டதே, இனி அவளே ஓட்டட்டும் என்றும் சொன்னார். அவர் பேசியதில் தப்பேதும் இல்லை. யாரும் வேண்டாம் என்று விட்டதால்தான் அந்தக் குதிரை அக்காவிடம் இருந்தது. அன்று அக்கா ஆபீசுக்குப் போகவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டாள். காய்வதற்குள் எடுத்து மடித்தாள்.

அடுத்த ஆண்டு கண்காட்சிக்கு நாங்கள் பார்வையாளர்களாகப் போனோம். அந்தப் பெண் கஸ்தூரியை உள்ளே கொண்டுவந்தாள். காதுகள் முன்னால் நிமிர்ந்திருக்க, கழுத்தை வளைத்து, கால் தரையில் படாதவள் போல நடந்தாள் கஸ்தூரி. அவர்களுக்கு இரண்டாம் பரிசு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், “அருமையான குதிரைம்மா” என்றார். “ஆமா சார். எனக்குத் தெரிஞ்ச குதிரைதான்” என்றாள் அக்கா.

அக்கா இப்போது பெருங்குடியில் இருக்கிறாள். குதிரையேற்றம் எப்போதோ நின்றுவிட்டது. மழை நாட்களில் மணிக்கட்டு வலிக்கிறது என்பாள். போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பல வருடங்களாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். அன்று என் விரல் அந்த இடத்தில் படாமல் போயிருந்தால்?

காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “உள்ள போயிருப்பேன். அன்னிக்கு நடுங்கிக்கிட்டு அவ நின்ன நிலைக்கு, பயத்துலயே நான் சொன்னபடியெல்லாம் நடந்திருப்பா. பரிசுகூட வாங்கியிருப்பேன்.”

நறுக்கியதைக் கத்தியால் பலகையின் ஓரமாகத் தள்ளினாள்.

“அப்புறம் என்னிக்காவது ஒருநாள் என் கை அங்க பட்டிருக்கும்ல,” என்றாள். “அந்தப் பரிசை எங்கடி கொண்டுபோய் வெச்சிருப்பேன்?”