மருந்து இல்லை, கஷாயம்

ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்ததும் அந்தத் தொழிலாளி யூனிஃபார்மோடு நேராக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். கிட்னிக் கோளாறால் முகம் எப்போதும் வீங்கியிருக்கும். டாக்டர் அறைக்குள் நுழையுமுன், கழுத்தில் தொங்கும் கம்பெனி டேகைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொள்வார். டாக்டருக்கு அவர் காட்டும் மரியாதை அது.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"இல்ல சார்."

ஆனாலும் ரத்தத்தில் உப்பு ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் ஊசி போடும்போது, அவர் பையில் கறுப்பாக ஏதோ நிரம்பிய பாட்டிலைப் பார்த்தேன்.

"என்னண்ணே இது?"

"கஷாயம் சிஸ்டர். வாலாஜாபாத்ல ஒருத்தர் குடுக்குறாரு. ரொம்ப நாளா குடிச்சிகினு கீறேன்."

"டாக்டர்கிட்ட இல்லன்னீங்களே!"

"அவரு மருந்துதானே கேட்டாரு? கஷாயம் குடிக்கிறியான்னு கேட்டாரா?"

பாட்டிலோடு ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. பாட்டிலைக் கையில் வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அதற்குள் இரண்டு கிட்னியும் போயிருந்தன. அந்த மழைக்காலத்தைக்கூட அந்த மனிதர் தாண்டவில்லை.

இப்போதெல்லாம் டாக்டர், வருகிற ஒவ்வொருவரிடமும், "கஷாயம், லேகியம் ஏதாவது?" என்று தனியாகக் கேட்கிறார். சிலர் தயங்கி, ஆமாம் என்கிறார்கள்.

பொய்யே சொல்லாத அந்த மனிதரிடம் மட்டும்தான் இதை யாரும் கேட்கவில்லை.