கூப்பிடாமல் போகிற வீடுகள்

2009-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு சிதம்பரத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் தூங்கிவிடுவேன், ஓ.டி. என்கிற கடலூர் ஓல்டு டவுன் நெருங்கும்போது கெமிக்கல் வாடை எழுப்பிவிடும்.

என் வகுப்பில் எல்லா வாக்கியமும் ஒரு சின்ன வார்த்தையில்தான் தொடங்கும். ஆஃப்டர், வித்அவுட், பிகாஸ் ஆஃப், இன் ஸ்பைட் ஆஃப். பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்கில் இங்கிலீஷ் படித்தும் வாய் திறக்காதவர்கள்தான் என்னிடம் வருவார்கள். 'ஐ' என்று தொடங்கச் சொன்னால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். 'ஆஃப்டர்' என்று கையில் கொடுத்துவிட்டால், அதற்குப் பின்னால் எதையாவது போட்டுத்தான் ஆக வேண்டும். போட்டுவிட்டால் மீதியும் வந்துவிடும். இதை என் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி அலட்டிக்கொண்டிருந்தேன். பலன் என்னவோ, சித்திரை வெயிலில் வியர்த்து வழிந்துகொண்டே "இன் ஸ்பைட் ஆஃப் தி ஹெவி ரெயின், ஐ கேம் டு தி கிளாஸ்" என்று ஆளாளுக்கு ஒப்பித்ததுதான்.

கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்த ஒரு பெண் மட்டும் ஆபீஸ் இங்கிலீஷில் வெளுத்து வாங்குவார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால், "வித் ரெஃபரன்ஸ் டு யுவர் கொஸ்டின், எஸ் சார்" என்பார். வகுப்பே சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். என் மனைவியின் வயதுதான் இருக்கும் அவருக்கு.

அந்த ஐப்பசியில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து, மறுநாள் இறந்துபோனது. மூச்சு சரியாக இல்லை என்றார்கள், பிறகு மூச்சே இல்லை என்றார்கள். என் மச்சான் அதை ஒரு புதுத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழை பெய்து சுடுகாட்டு மண் இளகிக் கிடந்ததால் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. அழுகை வரவில்லை. செருப்பில் ஒட்டிய சேற்றை எங்கே கழுவுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பச்சைக் குழந்தைக்குக் காரியம் கிடையாது. தீட்டு கிடையாது, படம் மாட்டுவது கிடையாது, துக்கம் கேட்க யாரும் வரவும் மாட்டார்கள். வந்தவர்களெல்லாம் பிரசவமான பெண்ணைப் பார்க்க வந்தவர்களாகத்தான் வந்தார்கள். ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கி வந்தார்கள். உடம்பைப் பார்த்துக்கோ, அடுத்த வருஷமே மடி நிறையும் என்றார்கள். ஒருவர்கூடக் குழந்தை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. எல்லோரும் நல்ல மனசோடுதான் பேசினார்கள். என் வகுப்பில் மழை வாக்கியம் சொல்கிறவர்களும் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள்.

மாமியார், பால் வற்றுவதற்காக என் மனைவியின் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிவிட்டார். வீடு முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. என் மனைவி அழவில்லை. அழக்கூடாது, பச்ச உடம்பு என்று மாமியார் சொல்லியிருந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பாள். சோற்றைக் கொண்டுபோய் வைத்தால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவாள். ஒரு நாள் நான் வகுப்புக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நம்ம வூட்டுல சாவு நடந்துச்சா, இல்லியா? ஒருத்தரும் வர்லியே."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். உண்மையாகவே நேரமாகித்தான் இருந்தது. அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பேச்சும் நின்றது. மாமியார் பயந்துபோய்ப் பண்ருட்டியில் யாரிடமோ மந்திரித்துக் கயிறு வாங்கி வந்து கட்டினார். அவள் கையை நீட்டினாள், கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். இவளும் போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றியது. உயிர் போகாது, ஆனால் போய்விடுவாள். தோன்றியது என்றுதான் சொல்ல முடியும், பதறினேன் என்று சொன்னால் பொய்.

வகுப்பில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நான் போர்டில் 'ஆஃப்டர்' என்று எழுதினேன். பரீட்சைக்குப் பிறகு சினிமாவுக்குப் போனேன் என்றான் ஒருவன். சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போடுகிறேன் என்றார் இன்னொருவர். ஒவ்வொருவரும் வாக்கியத்தைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி ஜாக்கிரதையாகத் தூக்கி வைத்தார்கள். குட், வெரி குட் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

மறுநாள் 'வித்அவுட்'. தண்ணீர் இல்லாமல் வாழ முடியாது என்று நாலு பேர் வரிசையாகச் சொன்னார்கள். டைப்பிஸ்ட்டின் முறை வந்தது. எழுந்தவர் போர்டிலிருந்த வார்த்தையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வித்அவுட் இன்விடேஷன், வீ கோ டு ஸம் ஹவுசஸ்" என்றார்.

கூப்பிடாமலே சில வீடுகளுக்குப் போகிறோம். நல்லதுக்குக் கூப்பிட்டால் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும் என்று ஊரில் எல்லோரும் சொல்வதுதான். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. 'வித்அவுட் அன் இன்விடேஷன்' என்று திருத்திவிட்டு குட் என்றேன், அடுத்தவரைப் பார்த்தேன். வகுப்பு முடிந்ததும் அவர் சிதம்பரத்தில் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். வழி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனோடு வந்துவிட்டார். கையில் பழமில்லை, பூவில்லை, வெறுங்கை. புருஷன் வாசலிலேயே என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். துக்க வீட்டில் ஆண்கள் அப்படித்தான் கை தொட்டுக்கொள்வது. எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்து நானும் தொட்டேன். இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வந்தவர்களில் அவர் ஒருவர்தான் எதுவும் பேசாதவர்.

டைப்பிஸ்ட் உள்ளே போய் என் மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. அப்புறம் அவர் குரல் கேட்டது.

"யாராட்டம் இருந்துச்சு?"

யாரும் கேட்காத கேள்வி. நானும் கேட்டதில்லை. இவள் பதில் சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன்.

"காது அவுங்களாட்டம்," என்றாள் என் மனைவி. "மடல் ஒட்டியே இருந்துச்சு. வெரல் நவம் நீட்டு நீட்டா இருந்துச்சு."

நான் என் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மாமியார் காபி கொண்டுவந்தார். டைப்பிஸ்ட் வேண்டாம் என்று தலையை ஆட்டினார், புருஷனும் வாங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இருவரும் எழுந்தார்கள். டைப்பிஸ்ட் என் மனைவியின் கையை விட்டதும், யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கி நடந்தார்கள். தெருமுனையில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. காபித் தம்ளரோடு நின்றுகொண்டு, "என்னா பொண்ணு இது, படிச்சதாட்டம் இருக்கு, போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லாம போவுது" என்றார்.

உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள்.

"சாவு வூட்டுல சொல்லிக்க மாட்டாங்கம்மா."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். பச்ச உடம்பு என்று மாமியார் ஓடினார், பக்கத்தில் போய் உட்கார்ந்தார், பிறகு தடுப்பதை விட்டுவிட்டு அவரும் அழுதார். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் அவள் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள்.

திங்கட்கிழமை வகுப்பு எப்போதும்போல நடந்தது. போர்டில் 'ட்யூரிங்' என்று எழுதியிருந்தேன். டைப்பிஸ்ட் அவர் முறை வந்தபோது லஞ்ச் ஹவரில் லெட்டர் அடிப்பதைப் பற்றி ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வகுப்பு முடிந்து பையை மாட்டிக்கொண்டு கதவருகே போனவர், நின்று திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"போயிட்டு வரேன் சார்," என்றார்.

நான் போர்டு பக்கம் திரும்பி, அழித்த இடத்தையே மறுபடி அழித்துக்கொண்டிருந்தேன்.