நெய் என்றால் வேண்டாம்

யாங்கூன் துறைமுகத்தின் அலோன் ஜெட்டியில் விடியற்காலையில் ஒரு வாசனை வரும். ஈரச் சாக்கு, டீசல், ஆற்றுச் சேறு எல்லாம் கலந்து மூக்கில் ஏறும். அந்த வாசனைக்கு நடுவில்தான் நான் முதன்முதலாக ஒரு சினிமா கேமராவுக்குப் பக்கத்தில் நின்றேன்... தொட அனுமதி இல்லாமல்.

யாங்கூனுக்கு வெளிநாட்டு ஷூட்டிங் அடிக்கடி வந்துகொண்டிருந்த காலம் அது. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்களைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்க நார்வேயிலிருந்து ஒரு சின்னக் குழு வந்தது. ஒளிப்பதிவாளர் பெயர் ஈவர். அவர் இங்கிலீஷில் சொல்வதை நம் ஆட்களுக்குப் பர்மிய மொழியில் சொல்வது என் வேலை.

ஆனால் பேசுவதற்காகவா போனேன்? அதுவரை சர்ச் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். எப்படியாவது சினிமா கேமராவில் கை வைத்துவிட வேண்டும் என்பதுதான் என் கணக்கு. மொழிபெயர்ப்பாளர் என்பது உள்ளே நுழைய எனக்குக் கிடைத்த வாசல், அவ்வளவுதான்.

காத்திருக்கும் நேரங்களில் ஈவர் தன் கதையைச் சொல்வார். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனே எட்டிப் பார்க்காத வடகோடி ஊர் அவருடையது. அப்பா மீன்பிடிப் படகில். இவருக்கோ படகில் கால் வைத்தாலே குமட்டல். அதனால் பிலிம் கழுவும் லேபில் சேர்ந்திருக்கிறார். பிறகு டிவி செய்திகளுக்குக் கேமரா தூக்கி, அங்கிருந்து சினிமா. ஒரு ஜன்னல் வெளிச்சத்தை வைத்துக்கொண்டே முழுப் படம் எடுத்தவர் என்று அவர் ஊரில் பேராம். அப்படிப்பட்ட மனிதரைக் கொண்டுவந்து நம் வெயிலில் நிறுத்தினால் என்ன செய்வார்... பாவம், மேகத்துக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவரையும் அவருடைய உதவியாளரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். சோறு, பருப்பு, மேலே நெய். நான் இரண்டாவது கரண்டி ஊற்றப் போனபோது ஈவர் கையை நீட்டி, "நெய், நெய்" என்றார். எங்களுக்கு ஒரே பெருமை. வந்த மூன்றாம் நாளே தமிழ் வார்த்தை பிடித்துக்கொண்டாரே.

அம்மா என்னைப் பார்த்து, "நல்லா ஊத்துடி, வாய்விட்டுக் கேக்குறாரு" என்றாள்.

ஊற்றினேன். உதவியாளரும் "நெய்" என்றார். அவருக்கும் ஊற்றினேன். மறுநாளிலிருந்து அம்மா தினமும் கேரியரில் சாப்பாடு அனுப்பினாள், நெய் தனிக் கிண்ணத்தில்.

ஜெட்டியில் இன்னொரு கூத்து. பர்மிய மொழியில் 'நே' என்றால் சூரியன். மேகம் விலகி வெயில் அடிக்கும்போதெல்லாம் ஈவர் "நெய்! நெய்!" என்று கத்துவார். ரிஃப்ளெக்டர் பிடிக்கும் கோ மியோவுக்கு உற்சாகம் தாங்காது. வெள்ளைக்காரர் 'நே' கேட்கிறார் என்று வெள்ளித் தகட்டைத் தூக்கி இன்னும் கொஞ்சம் வெயிலை அவர் மூஞ்சியிலேயே அடிப்பார்.

கடைசியில் ஈவர் கேமராவை விட்டு இறங்கி வந்து என்னிடம் விளக்கினார். டென்ஷன் வந்தால் தன் தாய்மொழிதான் வாயில் வருமாம். அவர் மொழியில் 'நெய்' என்றால் வேண்டாம், கூடாது. எனக்கு அம்மாவின் கேரியர்தான் முதலில் ஞாபகம் வந்தது.

அதற்குள் காரியம் கெட்டிருந்தது. ஷூட்டிங்கின் கடைசி நாள் காலை உதவியாளரின் வயிறு கைவிட்டுவிட்டது. ஓட்டல் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. ஃபோகஸ் பிடிப்பவர் அவர்தான். ஆள் நடந்து வர வர, லென்ஸில் இருக்கும் வளையத்தைத் திருப்பி முகம் மங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அன்றைக்கு எடுக்க வேண்டியதோ, மூட்டையோடு ஒருவர் குடோன் இருட்டிலிருந்து நேராகக் கேமராவை நோக்கி வரும் ஷாட். படமே அதில்தான் முடிகிறது. சாயங்காலம் அவர்களுக்கு ஃபிளைட்.

நான் செய்கிறேன் என்றேன். சர்ச்சில் எத்தனை மணப்பெண்கள் என் கேமராவை நோக்கி நடந்து வந்திருக்கிறார்கள்! யார் நடந்தால் என்ன, லென்ஸுக்கு எல்லாம் ஒன்றுதான் என்றும் சொன்னேன்.

ஈவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நெய்" என்றார்.

இந்தத் தடவை அர்த்தம் நன்றாகவே தெரியும். ஆனால் நான் இந்த ஊரில் பிறந்தவள். எங்கள் பர்மிய மொழியில் 'நே' என்றால் சூரியன் மட்டும் இல்லை, 'இரு' என்றும் அர்த்தம் உண்டு. அதனால் இருந்தேன். வளையத்தில் கையை வைத்துக்கொண்டு, லென்ஸுக்குப் பக்கத்திலேயே.

மேகம் கூடியது. குடோன் வாசலில் மூட்டையோடு ஆள் வந்து நின்றுவிட்டார். சண்டை போட நேரமில்லை. ஈவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கண்ணைக் கேமராவில் வைத்தார்.

நான் நடப்பவரின் முகத்தை மட்டும் பார்த்தேன். விரல் தானாகத் திரும்பியது. பயமே இல்லை, சத்தியமாக.

எடுத்ததை ஓட்டலில் போட்டுப் பார்த்தார்கள். இருட்டிலிருந்து வந்த முகம், வேர்வைத் துளி வரைக்கும் தெளிவாக இருந்தது. ஈவர் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பிறகு, "யா" என்றார். நார்வே மொழியில் அது 'ஆமாம்'. பர்மிய மொழியில் 'ஆகும், சரி'. கோ மியோ என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை.

இப்போது நான் முழுநேர ஒளிப்பதிவாளர். யூனிட்டில் என்னிடம் யாரும் "பேசத்தானே வந்தீங்க" என்று கேட்பதில்லை. வெளிநாட்டுக் குழுக்கள்தான் முன்போல் வருவதில்லை. அந்தக் கலகலப்பு போனதில் எனக்கு வருத்தம்தான்.

ஈவர் வேலையை விட்டுவிட்டார். கண் ஆபரேஷன் முடிந்து அதே வடகோடி ஊரில் இருக்கிறார். யாங்கூனுக்குப் பக்கத்தில், பானை செய்யும் ஊரான த்வாண்டேயில் நான் எடுத்த படத்தின் லிங்கை அனுப்பியிருந்தேன். போன மாதம் போன் வந்தது. அரை மணி நேரம் குறை சொன்னார். நானும் விடவில்லை, பதிலுக்குப் பதில் பேசினேன். அந்தக் காலத்தில் அவர் சொல்வதைக் கேட்டு அடுத்தவருக்குச் சொல்வதோடு சரி... இப்போது சரிக்குச் சரி சண்டை.

அப்புறம் கொஞ்சம் தயங்கினார். உச்சி வெயிலில், கால்வாய்க் கரையில், பானை ஏற்றும் அந்தப் பெண்ணின் முகத்தில் நிழலே விழாமல் எப்படி எடுத்தாய் என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன்.

கொஞ்சம் மெதுவாகச் சொல், எழுதிக்கொள்கிறேன் என்றார்.