அச்சங்குளத்தில் தைத்த கையுறை

ஞாயிற்றுக்கிழமை காலை 6.10. மதுரையில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் பின்வாசலிலிருந்து வேன் புறப்பட்டது. 2007-ஆம் வருடம், மே மாதம்.

நான் தையல்காரன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இருபது வருடம் ரவிக்கை தைத்தேன். பிறகு ஒருநாள் தீக்காய வார்டு டாக்டரம்மா ஒரு வெளிநாட்டுக் கையுறையை என் கையில் கொடுத்து, “இதே மாதிரி தைக்க முடியுமா?” என்று கேட்டார். முடிந்தது. ஆறு வருடமாக அதுதான் என் தொழில். தீக்காயம் ஆறிய பிறகு தழும்பு தடித்துக்கொண்டே போகும். தோல் சுருங்கி விரல்களை உள்ளே இழுக்கும். இறுக்கமான கையுறையைக் குளிக்கும் நேரம் தவிர நாளெல்லாம் போட்டிருந்தால் தழும்பு அமுங்கும், விரல் நிமிர்ந்து நிற்கும். ஒரு வருடம் போட வேண்டும்.

அளவு கொடுக்க ஆட்கள் வார்டுக்கு வருவார்கள். தைத்துக் கொடுப்பேன். அவர்கள் ஊரை நான் பார்த்ததில்லை. இந்தத் தடவைதான் டாக்டரம்மா, “நீங்களும் வாங்க. உடுப்புல கோளாறா, போடுறவங்ககிட்ட கோளாறான்னு தெரியணும்” என்று கூட்டிக்கொண்டார்.

வேனில் டாக்டரம்மா தவிர இரண்டு பேர். ஒருவர் கல்லூரியில் சமூகவியல் கற்பிக்கும் பேராசிரியர். இன்னொருவர் மீனா, மனநலத்தில் ஆராய்ச்சி செய்யும் இளம்பெண். மூன்று துறைகளும் சேர்ந்து, தீக்காயம் பட்டவர் குணமாவது என்றால் என்ன என்று ஆராய்கிறார்கள். கையுறை, உடுப்பு, வைத்தியம் எல்லாம் அந்த ஆராய்ச்சியில் இலவசம். திருமங்கலம் தாண்டுவதற்குள்ளேயே விவாதம் தொடங்கிவிட்டது.

“காயம் மூடி, கை முழுசா விரிஞ்சா குணம்” என்றார் டாக்டரம்மா.

“ராத்திரி திடுக்கிட்டு முழிக்காம தூங்கினாத்தான் மேடம் குணம்” என்றாள் மீனா.

“தீக்காயம் பட்ட பெண்ணை ஊர்ல ஒரு வளைகாப்புக்குக் கூப்பிட்டு, வளையல் போடச் சொல்லணும். அதுவரைக்கும் குணம்னு நான் எழுத மாட்டேன்” என்றார் பேராசிரியர்.

நான் பின்சீட்டில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றும் சரியாகவே பட்டது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “அண்ணே, உங்களுக்குப் பேசப் பிடிக்காதா, இல்ல வேன்ல பேசக் கூடாதுன்னு வேண்டுதலா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நாற்கரச் சாலைப் பணி நடந்துகொண்டிருந்ததால் கள்ளிக்குடி வரை ஒரே புழுதி. விருதுநகர் 7.25. டீ மூன்று ரூபாய். கடைச் சுவரில் மூன்று கம்பெனிப் பட்டாசு விளம்பரம், போன தீபாவளியுடையது. சாத்தூர் 8.15. வெள்ளரிப் பிஞ்சு கூறு ஐந்து ரூபாய்க்கு வாங்கி, உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றுகொண்டே மேற்கே திரும்பினோம். கரிசல் காடு, காய்ந்த பருத்திச் செடியைப் பிடுங்கிய வெற்று நிலம். நடுநடுவே கம்பிவேலிக்குள் தனித்தனியாகச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. பட்டாசு ஆபீஸ் என்று ஓட்டுநர் காட்டினார். இந்தப் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஓர் அறை வெடித்தாலும் அடுத்தது பிழைக்கட்டும் என்றுதான் அந்த இடைவெளி.

சாத்தூரிலிருந்து வேன் மீட்டரில் பதினைந்து கிலோமீட்டர். அச்சங்குளம் வந்தபோது மணி ஒன்பதாகியிருந்தது. வெயில் அதற்குள் முதுகைக் கடித்தது.

முதலில் பார்த்த இரண்டு வீடுகளிலும் கையுறையைப் பாதி நேரம்தான் போடுகிறார்கள். ஏன் என்று மீனா அச்சடித்த தாளைப் பார்த்துக் கேட்டாள். வெப்பமா, அரிப்பா, கூச்சமா, வீட்டு வேலையா, வேறு காரணமா? இரண்டு பேரும் “வெக்கைதான்” என்றார்கள். முதல் கட்டத்தில் குறி விழுந்தது. நியாயம்தான், எனக்கே சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது முத்துமாரியின் வீடு. முப்பது வயதிருக்கும். போன வருடம் ஆபீஸில் பிடித்த தீயில் வலது கையும் தோளும் வெந்தன. வார்டில் அந்தக் கைக்கு அளவெடுத்தவன் நான்தான். அப்போது ஐந்து விரலும் நேராக இருந்தன. இப்போது சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளங்கையை நோக்கி வளைந்திருந்தன. டாக்டரம்மா மெல்ல விரித்துப் பார்த்தார்; ஓரளவுக்கு மேல் வரவில்லை.

“கையுறை எங்கம்மா?”

“பொட்டில இருக்கு.”

“ஏன் போடல?”

முத்துமாரி மீனாவின் தாளைப் பார்த்தாள். “வெக்கை டாக்டரம்மா.”

“இப்படியே விட்டா ரெண்டு விரலும் உள்ளங்கையில ஒட்டிரும். அப்புறம் ஆபரேஷன்தான். அதுலயும் முழுசா வரும்னு நான் சொல்ல முடியாது. போன ரெண்டு தடவையும் இதையேதான் சொன்னேன், இல்லையா?”

“சொன்னீக.”

டாக்டரம்மா என்னை அளவெடுத்து வைக்கச் சொல்லிவிட்டு மற்ற இருவரோடு வெளியே போனார். விஷயம் எனக்குத் தெரியும். மூன்று தடவை தொடர்ந்து அணியாதவரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியின் விதி. நீக்கினால் கையுறையும் கிடையாது, வைத்தியத்துக்கு வந்து போக வேனும் கிடையாது. இது மூன்றாவது தடவை.

நான் டேப்பை எடுத்தேன். முத்துமாரியின் வீட்டுக்காரர் கருப்பசாமி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “குடிங்க அண்ணாச்சி. இவகிட்ட நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு” என்றார்.

“ஒங்க வாய்க்கு வேற என்ன வேலை, பேசிப் பேசிச் சும்மாவே வலிக்கும்” என்றாள் முத்துமாரி. அவர் சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

பெட்டியிலிருந்து கையுறையை எடுத்து வந்தாள். மஞ்சள் பையில் மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. “எங்கயாவது தையல் உறுத்துதாம்மா? மணிக்கட்டுல பிடிக்குதா?” என்று கேட்டேன்.

“தையல் தங்கமா இருக்கு அண்ணாச்சி. ஒரு பிசிறு கெடையாது.”

“பிறகென்னம்மா?”

என் பையிலிருந்த கையுறைத் துணியின் துண்டைப் பார்த்தாள். “இதுல ஒரு நூலு உருவிக் குடுங்க.”

உருவிக் கொடுத்தேன். இடது கையால் தீப்பெட்டியை எடுத்து, முழங்காலில் இடுக்கிக்கொண்டு, ஒரே இழுப்பில் குச்சியைப் பற்றவைத்தாள். நூல் எரியவில்லை. சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி திரண்டது. அதைத் தரையில் வைத்தாள்.

“தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். விரலைச் சுட்டு, அப்படியே ஒட்டிக்கொண்டது. உதறியும் போகவில்லை, நகத்தால் சுரண்டித்தான் எடுத்தேன்.

“இங்கன சேலை எடுக்கப் போனா இப்படித்தான் நூலைக் கொளுத்திப் பாத்து எடுப்போம். பருத்தின்னா பேப்பர் மாதிரி எரிஞ்சு சாம்பலாயிரும். இது உருகும். நைலான் கட்டிட்டுப் போனா ஆபீஸ் கேட்லயே போர்மேன் திருப்பி அனுப்பிருவாரு. உரசினா பொறி வரும்பாக. பொறி வராட்டியும், தீப்பிடிச்சா ஒட்டிக்கிடும்.”

தீப்பெட்டியை எடுத்துத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: “அன்னிக்கு என் பக்கத்துல செல்வின்னு ஒருத்தி. சேலை பருத்திதான். உள்பாவாடை மட்டும் நைலான், அவசரத்துல கட்டிட்டு வந்துட்டா. ஆஸ்பத்திரில அதை எடுக்கையில தோலும் சேந்து வந்துச்சு. நான் அடுத்த கட்டில்ல கெடந்து பாத்துக்கிட்டே இருந்தேன். நாலாம் நாளு போயிட்டா. அந்தத் துணியத்தான் அண்ணாச்சி, என் கைமேல போடச் சொல்றீக. அடுப்பு முன்னாடி நிக்கையில எப்படி மாட்டிக்கிடுவேன்?”

ஆறு வருடத்தில் எத்தனையோ கைகளுக்கு அந்தத் துணியை வெட்டியிருக்கிறேன். இழுவை பார்ப்பேன், தையல் பார்ப்பேன். தீயில் வெந்தவருக்குத் தைக்கிறோம், அந்தத் துணி தீயில் என்னவாகும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

“இதை டாக்டரம்மாட்ட சொல்லலாமேம்மா?”

“எப்படிச் சொல்றது? ஓசியா குடுக்காக. எம்புட்டு தூரத்துல இருந்து வாராக. துணியக் குத்தம் சொன்னா நல்லாவா இருக்கும்? அதுவும் தச்சவுக நீங்க எதுக்க உக்காந்திருக்கையில?” பிறகு, “மத்தவளுகளும் நானும் அதான் வெக்கைன்னு சொல்லி வச்சோம். வெக்கைன்னா யார் மேலயும் குத்தம் இல்லல்ல” என்றாள்.

நான் வெளியே வந்தேன். வேப்பமரத்து நிழலில் வேனின் கதவைத் திறந்து வைத்து மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா மடியில் முத்துமாரியின் தாள்.

“எனக்கும் மனசில்ல சார்” என்று பேராசிரியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “ஆனா நம்மகிட்ட இருக்கறதே பன்னிரண்டு பேருக்கான துணி. நாலு பேர் வரிசையில காத்திருக்காங்க. போடாதவங்களுக்கு வச்சுக்கிட்டு என்ன செய்ய?”

பேனா மூடியைக் கழற்றினார். படித்தவர்கள் மூன்று பேர் பேசும்போது நான் குறுக்கே பேசியதே கிடையாது. “அம்மா, எழுதாதீங்க” என்று மட்டும் வந்தது. ஓட்டுநர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

சுருண்டு உருகிய நூலையும், சிவந்திருந்த என் விரல் நுனியையும் காட்டி, செல்வியைப் பற்றி, நூல் கொளுத்திப் பார்ப்பதைப் பற்றி, கோர்வையில்லாமல் சொல்லி முடித்தேன்.

பேராசிரியர் பையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். “வெப்பம், வெப்பம், வெப்பம். வெப்பத்தைப் பத்திக் கட்டுரையே எழுத ஆரம்பிச்சுட்டேன்” என்றார்.

“பயம் பத்தி எங்கிட்ட இருபது கேள்வி இருக்கு சார்” என்றாள் மீனா. “தீயைக் கண்டா பயமா, சத்தம் கேட்டா பயமான்னு கேட்டேன். நாம குடுக்கற உடுப்பைக் கண்டா பயமான்னு கேக்கல.”

டாக்டரம்மா நூலை வாங்கி உற்றுப் பார்த்தார். “வார்டுல எத்தனை பேர் உடம்புலருந்து இதை நானே பிரிச்செடுத்திருக்கேன்” என்றார் மெதுவாக. பிறகு டாக்டராகவே கேட்டார்: “சரி, பருத்தியில தச்சா? இறுக்கம் வராதே.”

“பனியன் துணியை ரெட்டையா வச்சுக் குறுக்க வெட்டினா கொஞ்சம் வரும்மா. புறங்கையில நாடா வச்சுட்டா, தொளதொளன்னு ஆகறப்ப அவங்களே இழுத்துக் கட்டிக்கலாம்.”

“இருந்தாலும் பாதிதான் இறுக்கும்.”

“பெட்டிக்குள்ள இருக்கறதுக்கு இறுக்கமே கிடையாதும்மா” என்றேன். சொன்ன பிறகுதான் அதிகம் பேசிவிட்டோமோ என்று தோன்றியது.

டாக்டரம்மா பேனாவை மூடினார். “தைங்க. இன்னிக்கே. அவங்க போட்டுக்கிட்டா ஒரு மாசம் பார்க்கலாம். போடலைன்னா நான் எழுதித்தான் ஆகணும்.”

11.20. ஊர்க் கடையில் வெள்ளைப் பனியன் இருந்தது, முப்பத்திரண்டு ரூபாய். நாடா இரண்டு ரூபாய். மூன்று வீடு தள்ளி ஓர் அம்மாவிடம் மிதி மிஷின் இருந்தது. “ஊசி வளைஞ்சிருக்கு, பாத்து மிதிங்க. அப்புறம் ஒடிஞ்சுபோச்சுன்னு என்னைத் திட்டக் கூடாது” என்று கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். ஆம்பளை பனியனில் கையுறையா என்று ஒருத்தி கேட்க, “கருப்பசாமி பனியனா பாத்து வெட்டச் சொல்லு, பெறகு அவரு அவ கையவே விடமாட்டாரு” என்றாள் இன்னொருத்தி. தலை நிமிராமல் தைத்தேன். விரல் இடுக்குகள்தான் கஷ்டம். முதலில் வெட்டியது பாழாகி, மறுபடி வெட்டினேன். முடிக்கும்போது மணி 2.10.

முத்துமாரி அதை வாங்கி, முதலில் விளிம்பிலிருந்து ஒரு நூலை உருவினாள். கொளுத்தினாள். குப்பென்று எரிந்தது. சாம்பலை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள்; தூளாக உதிர்ந்தது. நாடாவையும் விடவில்லை, அதிலும் ஒரு நூல். டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு வலது கையை என் பக்கம் நீட்டினாள். கட்டை விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றினேன். மோதிர விரலும் சுண்டு விரலும் சிரமப்பட்டுத்தான் உள்ளே போயின. உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர, கையை இழுக்கவில்லை. நாடாவை இழுத்துக் கட்டினேன். எழுந்து நேராக அடுப்புக்குப் போய், விறகைத் தள்ளி, உலையை ஏற்றினாள். கை அடுப்பிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது. நாங்கள் நால்வரும் வாசலில் நின்று, சோறு வேகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவளே திரும்பி, “என்ன, இப்படிச் சுத்தி நின்னு பாக்கீக? சாப்பிட உக்காருங்க” என்றாள்.

4.30-க்கு வேன் கிளம்பியது. டாக்டரம்மா தாளில் ‘தொடர்கிறார்’ என்று எழுதியதைப் பார்த்தேன். கிளம்புமுன் அவர், ராத்திரி தூங்கும்போதாவது நைலான் கையுறையைப் போடச் சொல்லிக் கேட்டிருந்தார். முத்துமாரி யோசிக்கிறேன் என்றாள், சரி என்று சொல்லவில்லை. பாதி இறுக்கத்தில் அந்த இரண்டு விரலும் எவ்வளவு நிமிரும் என்று டாக்டரம்மாவுக்கும் தெரியாது. வழியெல்லாம் மூவரும் இதை யார் துறையில் சேர்ப்பது என்று பேசிக்கொண்டு வந்தார்கள். மருத்துவமா, மனமா, சமூகமா? பாதியில் பேராசிரியர் என்னைக் கேட்டார். “எனக்குத் தெரியாதுங்க ஐயா, துணி மாத்தினோம்” என்றேன்.

மதுரையில் என் மேஜைக்கு முன்னால் வந்து கையுறை வாங்குகிறவர்கள் கும்பிட்டு, நன்றி சொல்லி, பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போவார்கள். அது எனக்குப் பெருமையாக இருந்தது. முத்துமாரி நன்றி சொல்லவில்லை. வேன் நகரும்போது ஜன்னல் பக்கம் ஓடிவந்து, பனியன் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அண்ணாச்சி, இது வெள்ளை, ரெண்டு நாள்ல கரி பிடிச்சிரும். அடுத்த தடவை வாரப்ப கலர்ல ரெண்டு தச்சுக் கொண்டாங்க. ஒண்ணத் துவைச்சுக் காயப் போட்டா, காயறவரைக்கும் மாட்டிக்கிட ஒண்ணு வேணும்ல?” என்றாள். ஆறு வருடத்தில் மாற்றுக்கு ஒன்று வேண்டும் என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான்.