ஆட்கள் இல்லாத படங்கள்

சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில், உப்புக்காற்று அரித்த ஒரு மின்கம்பத்தைப் படமெடுக்கக் கைபேசியை உயர்த்தினேன். என் மகள் ஓடிவந்து முன்னால் நின்றாள்.

"என்னையும் எடுங்களன் வாப்பா!"

என் தங்கை றிஸ்னாவும் அந்த நாளில் எங்கள் வாப்பாவிடம் இப்படித்தான் கெஞ்சுவாள். வாப்பா கட்டாரிலிருந்து ஒரு கமெரா கொண்டுவந்திருந்தார். உயிருள்ளதைப் படம் பிடிப்பது ஹறாம் என்று ஏதோ ஒரு பள்ளிவாசல் பயானில் கேட்டதிலிருந்து அவர் ஆட்களை எடுப்பதில்லை. ஆனால் கமெராவைக் கைவிடவும் மனமில்லை. மின்கம்பம், தோணி, பூட்டிய கடை, மழைத்தண்ணீர் தேங்கிய ஒழுங்கை என்று எடுத்துக்கொண்டே இருந்தார். றிஸ்னா குறுக்கே வந்தால், "தள்ளி நில்லு புள்ள" என்பார். அவள் சிணுங்கிக்கொண்டு தள்ளி நிற்பாள்.

கடைசி ரோலைக் கல்முனை ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்த கிழமைதான் சுனாமி வந்தது. உம்மாவும் றிஸ்னாவும் மவுத்தாகிவிட்டார்கள். றிஸ்னாவின் ஜனாஸா கிடைக்கவே இல்லை.

வீட்டிலிருந்த படமெல்லாம் கடலோடு போக, ஸ்டூடியோவில் இருந்தவை மட்டும் தப்பின. ஒன்றிலும் ஒரு முகமில்லை. எங்கள் வாசல் மின்கம்பத்தை எடுத்த படத்தில் மாத்திரம், மணலில் ஒரு சின்ன நிழல் கிடந்தது, இரட்டைப் பின்னலோடு.

வாப்பா அதன்மேல் விரலை வைத்தார். "நான்தானே தள்ளி நிக்கச் சொன்னன்."

பிறகு அவர் எந்தக் கமெராவையும் தொடவில்லை.

"எடுத்தீங்களா வாப்பா?" மகள் கேட்டாள்.

"கிட்ட வா புள்ள. இன்னும் கிட்ட வா."

அவள் முகம் திரையை நிறைத்தபோது கம்பம் மறைந்திருந்தது. என் குரலில் எதைக் கேட்டாளோ, அவள் சிரிப்பும் நின்றிருந்தது.