மாடிக்கு மாடி மாறிய அஸ்தமனம்

பொழுது எப்போது போகிறது என்பதில் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் ஐயம் ஏற்பட்டதில்லை. செஞ்சியில் எங்கள் தெரு ராஜகிரி மலைக்குக் கிழக்கே அமைந்தது. மாலையில் கதிரவன் மலைக்குப் பின்னே இறங்கியவுடன் அதன் நிழல் கடைவீதியைக் கடந்து எங்கள் வாசலுக்கு வந்து சேரும். நாங்கள் சமணக் குடும்பத்தினர்; பொழுது போன பின்னர் உணவு கொள்வதில்லை, தண்ணீரும் அருந்துவதில்லை. நிழல் வாசலைத் தொடும் வேளையில் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். இதற்காகக் கடிகாரத்தைப் பார்த்தவர் எங்கள் வீட்டில் எவரும் இல்லை. வேர்க்கடலை மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தாலும் அந்த நேரத்துக்கு நான் வீடு வந்துவிடுவேன்.

இந்தத் தெளிவு சென்ற ஆண்டு சென்னையில் கலைந்தது.

என் துணைவியாருக்குக் கண்புரை அறுவை செய்ய வேண்டியிருந்தது. மருத்துவமனைக்கு அருகில் என்பதால் மகன் வீட்டில் தங்கினோம். கடற்கரையை ஒட்டிய நெடுஞ்சாலையில், முப்பது மாடிகளுக்கும் மேலே அவன் குடியிருக்கிறான். கிழக்குச் சன்னலில் கடல் தெரியும். படகுகள் அரிசி மணிகளைப் போலக் கிடக்கும். மேற்கே உணவு மேசை. அதையடுத்துத் தரை முதல் கூரை வரை கண்ணாடி. அங்கு நின்று பார்த்தால், அதே உயரத்தில் வேறு கட்டடங்களும், அவற்றின் தலைக்கு மேலே பாரந்தூக்கிகளும் தெரிந்தன.

"சென்னையிலேயே இதுதான் ஒசரமா?" என்று வந்த அன்றே கேட்டேன்.

"இப்போதைக்கு இல்ல நைனா. அதோ அந்தக் கட்டடம் பெருசு. அதுக்குப் பக்கத்துல கட்றாங்க பாருங்க, அது முடிஞ்சா அதுதான் பெருசு."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் எவனாவது கட்டுவான்."

மின்தூக்கியின் பொத்தான்களில் பன்னிரண்டுக்கு அடுத்துப் பதினான்கு இருந்தது. பதின்மூன்று எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, அது ராசியில்லாத எண் என்று மருமகள் விளக்கினாள். ஆகவே நாங்கள் இருப்பதாகச் சொல்லப்பட்ட மாடியில் நாங்கள் இல்லை என்று நான் கருதினேன். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் துணைவியாருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. இரவு வெறும் வயிற்றோடு படுத்தால் விடியற்காலையில் உடல் வியர்த்துக் கைகள் நடுங்கும். அறுவைக்கு முன்பும் பின்பும் மருத்துவர் இதையே வலியுறுத்தினார். உணவும் அதன்பின் ஒரு மாத்திரையும் தவறவே கூடாது என்றார். பொழுது போய்விட்டால் இவர் எதையும் வாயில் வைக்க மாட்டார் என்பது மருத்துவருக்குத் தெரியாது. எனவே நாள்தோறும் கதிரவன் இருக்கும்போதே அவரை உண்ண வைப்பது என் பொறுப்பாயிற்று. அறுவைக்குப் பின் அவருக்குக் கறுப்புக் கண்ணாடி அணிவித்துவிட்டார்கள். அதன் வழியே நண்பகலும் அவருக்கு அந்தியாகத் தெரிந்தது. ஆதலால் பொழுது இருக்கிறதா, போயிற்றா என்பதற்கு என் சொல்லே சாட்சி.

மகனும் மருமகளும் சென்னை வந்தபின் இந்நெறியை விட்டுவிட்டனர். அதைப் பற்றி நான் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. இருந்தும் மருமகள் எங்களுக்காக ஐந்து மணிக்கே வெங்காயம் சேர்க்காமல் சமைத்துவிடுவாள்.

கண்ணைக் காட்டிவிட்டு மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஒரு மாலையில் சாலை முழுவதும் வண்டிகள் நின்றுவிட்டன. மகன் காரை ஓட்டினான். பின்னால் அமர்ந்திருந்த என் துணைவியார் வண்டி நின்றபோதெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

"இன்னாங்க, இருக்குதா?"

"இருக்குது."

இரு கட்டடங்களுக்கு இடையே சிறிது நேரம் மஞ்சளாக ஒளி தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. எங்கள் குடியிருப்பின் வாயிலில் நுழைந்தபோது தோட்டத்து விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மேற்கே சுவர்களே தெரிந்தன. வெயில் ஒரு சிறிதும் இல்லை. ஊரில் இப்படி இருந்தால் நான் என்ன சொல்வேனோ அதையே சொன்னேன்.

"போயிடுச்சி."

"சரி," என்றார் அவர். அதோடு அவர் அளவில் அன்றைய உணவு முடிந்தது. மகன் காரின் பின்பார்வைக் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன்.

மின்தூக்கி மேலே சென்றது, காது அடைத்தது. மருமகள் கதவைத் திறந்தாள். உணவு அறையின் தரை முழுவதும் சிவந்த வெயில். கண்ணாடிக்கு அப்பால், கட்டடங்களின் இடைவெளியில், அடிவானத்துக்கு இரண்டு விரற்கடை மேலே, கதிரவன் முழு வட்டமாக நின்றுகொண்டிருந்தது.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். போய்விட்டதென்று நான் சொன்னது இங்கே இருக்கிறது. சொன்னது பொய்யா, காண்பது பொய்யா என்று எனக்கு விளங்கவில்லை.

"அத்த, சீக்கிரம் வாங்க, உப்புமா ஆறுது. பொழுது இன்னும் போவல," என்றாள் மருமகள்.

"போயிடுச்சின்னு இவரு சொன்னாரே," என்றார் என் துணைவியார்.

"கீழ போயிடுச்சி," என்றேன்.

"மேல?"

"இருக்குது."

அவர் கைப்பையை மேசைமேல் வைத்தார். "ஒரு நாளைக்கி எத்தினி தடவ போவும் அது?"

மகன் விளக்கினான். உயரத்தில் இருப்பவர்களுக்குப் பொழுது சற்றுத் தாமதித்தே போகும் என்றும், கீழே மறைத்தது பக்கத்துக் கட்டடங்கள் என்றும் சொன்னான்.

"அப்ப மொட்ட மாடிக்குப் போனா இன்னும் கொஞ்சம் நேரம் கெடைக்குமா?"

"கொஞ்சூண்டு கெடைக்கும்மா."

"ஏரோப்ளேன்ல ஏறிட்டா ராவெல்லாம் திங்கலாமா?"

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அத்த, பேசிக்கிட்டே இருந்தா இதுவும் போயிடும்."

அதற்குள் என் மனம் வேறு திசையில் போய்விட்டது. எங்கள் வாசலில் நிழல் விழும்போது ராஜகிரியின் உச்சியில் ஒருவர் நின்றிருந்தால் அவருக்குக் கதிரவன் தெரிந்திருக்கும். அப்படியானால் ஊரில் நாங்கள் இதுவரை பொழுது போயிற்று என்று எண்ணியது மலை மறைத்ததை மட்டுமே. முன்னதாக உண்டு முடித்ததில் குற்றமில்லை. ஆனால் அதே வழக்கத்தைக் கொண்டுவந்து இங்கே ஒரு நோயாளியின் உணவைத் தடுத்துவிட்டேனோ என்று கலங்கினேன். மறுகணமே, தரையில் இருள் சூழ்ந்த பின் மின்சாரத்தால் மேலே ஏறிவந்து பகலை நீட்டிக்கொள்வது நெறிக்கு அடுக்குமா என்றும் தோன்றியது. இரண்டும் சரியாகப்பட்டன. இரண்டும் தவறாகவும் பட்டன.

இறுதியில் அவருடைய கையைப் பற்றிக் கண்ணாடி அருகே வெயிலில் நீட்டினேன். "பாரு, வெயிலு படுது."

"சூடு ஒண்ணும் தெரியலியே," என்றார்.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் வேறு சான்று இல்லை.

அவர் கறுப்புக் கண்ணாடியோடு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு கேட்டார்: "நீங்க சாப்புடுவீங்களா?"

அன்று உண்பதில்லை என்று நான் வாயிலிலேயே தீர்மானித்திருந்தேன். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. அவர் கேட்டதன் பொருள் எனக்குப் புரிந்தது. வெறும் சொல்லாக இருந்தால் அவர் ஏற்கமாட்டார். நான் உட்கார்ந்தால் உட்காருவார். நின்றால் அவரும் பட்டினியோடு படுத்து விடியலில் நடுங்குவார்.

நான் உட்கார்ந்தேன். மருமகள் இன்னொரு தட்டை வைத்தாள்.

இருவரும் வேகமாக உண்டோம். அந்த உப்புமாவின் சுவை எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் நான் மேற்கே திரும்பிப் பார்த்தேன். "இருக்குதா?" என்று அவர் கேட்பார், "இருக்குது" என்பேன். வட்டத்தின் அடி தேய்ந்தது, பாதி தேய்ந்தது. தட்டை முடித்ததும் மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அண்ணாந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டார். மாத்திரை தொண்டையில் சிக்காமல் இறங்க வேண்டுமே என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி மேற்கே திரும்பியபோது அங்கே ஒன்றுமில்லை.

"தண்ணி உள்ள போனப்ப இருந்துச்சா?"

"நான் பாக்கல," என்றேன்.

"இருந்துச்சிம்மா, நூல் மாதிரி இருந்துச்சி," என்றான் சன்னலருகே நின்ற மகன். அவன் தாய்க்காகச் சொன்னானா, கண்டு சொன்னானா என்பது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை. விடியற்காலையில் அவருக்கு வியர்க்கவில்லை, நடுக்கமும் இல்லை.

ஊர் திரும்பிய பின்னரும் ஐயம் அவரை விடவில்லை. அன்று உண்டது தவறென்று பெரியவர்கள் சொல்லிவிட்டால் ஒருநாள் முழுவதும் உண்ணாநோன்பு இருப்பதென்று அவர் தமக்குள் முடிவு செய்திருந்தார். அந்த உடம்புக்கு ஒருநாள் நோன்பு என்ன செய்யும் என்பதை நான் அறிவேன். ஆனாலும் கேட்டு வரும்படி சொன்னார், மறுக்க இயலவில்லை. கோயிலில் வழிபாடு முடிந்து அமர்ந்திருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நின்ன எடத்துல வெயிலு இருந்துச்சில்ல? அப்ப தப்பு இல்ல," என்றார் ஒருவர்.

"அதெப்படி? எத்தினி மாடி இருந்தாலும் வீடு நெலத்துமேலதான் நிக்கிது. நெலத்துல பொழுது போனா வீட்லயும் போச்சி," என்றார் வல்லத்திலிருந்து வந்திருந்த உறவினர்.

"அதான் சென்னையிலேயே ஒசரமா?" என்று மூன்றாமவர் என்னைக் கேட்டார்.

"இல்ல, பக்கத்துல அதவிட ஒசரமா கட்றாங்க."

"அப்ப அங்க இருக்கறவனுக்கு ராத்திரி சாப்பாடு இன்னும் லேட்டா?"

விவாதம் வலுத்தது. மலை, கட்டடம், விமானம் என எல்லாம் வந்தன. நான் நடுவில் எழுந்து வீட்டுக்கு நடந்தேன். அவர் சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க."

அவர் சமையலறைக்குள் திரும்பினார். "அப்ப முடிவாவட்டும். அதுவரைக்கும் நான் சாப்புடறேன். நீங்களும் கை கழுவிக்கினு வந்து உக்காருங்க."

அவர்கள் இன்னமும் முடிவு சொல்லவில்லை. நானும் நினைவூட்டவில்லை.