மலர்க்கொடி அடித்த முறைப் பட்டியல்

மலர்க்கொடி தொட்ட வேலை பாதியில் நின்றால் அவளுக்குச் சோறு இறங்காது. ப்ளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பை அவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் என்றைக்கோ விற்றுவிட்டார்கள். இவளுடையதில் விண்டோஸ் படுத்துவிட, லினக்ஸைத் தானே ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு வருடமாக அதிலேயே ஓட்டுகிறாள். ஊருக்கே ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தருவது அந்தப் பெட்டிதான்.

அம்மா ராமாயி அடுத்தவர் வயலில் நடவு நட்டு நட்டே ஒன்றரை மா நிலம் வாங்கியவள். அந்த நிலத்தை வைத்துத்தான் வாய்க்கால் சங்கத்தில் மகளுக்கு இடம் கிடைத்தது. இந்த வருடம் அவளே செயலாளர்.

செயலாளருக்கு முக்கியமான வேலை, யாருக்கு எப்போது தண்ணீர் என்ற முறைப் பட்டியலை மதகில் ஒட்டுவது. போன வருடம் கையால் எழுதிய பட்டியலில் எவனோ பேனாவால் பெயரை மாற்றி, இரண்டு மண்டை உடைந்தது. "இனிமே பிரிண்டு அடிச்சுதான் ஒட்டணும். அதுல பேனா படக்கூடாது" என்று கூட்டத்தில் அடித்துப் பேசியவர் சாமிதுரை. நியாயஸ்தர்தான், ஆனால் நாக்கில் தேள் வைத்திருப்பவர். ஒரத்தநாட்டில் மூடிப்போன ஒரு கடையிலிருந்து மலர்க்கொடி பழைய பிரிண்டர் ஒன்றை வாங்கி வந்தாள்.

புரட்டாசி ஞாயிறு. மாலை நாலு மணிக்கு மதகு திறக்கும். மூன்று நாள் தண்ணீர், ஆறு குடும்பம், ஆளுக்கு அரை நாள். கடைசி ஆளுக்கு வந்தால் உண்டு, இல்லையென்றால் அடுத்த முறைதான். சீட்டுக் குலுக்கியதில் சாமிதுரைக்கு முதல் முறை, மலர்க்கொடிக்கு இரண்டாவது. ராமாயி நட்ட வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

காலையில் பட்டியலை அடித்து பிரிண்ட் கொடுத்தாள். விளக்கு எரிந்தது, தாள் வரவில்லை. கூட வந்த சிடியோ விண்டோஸுக்கானது. பிரிண்டரை ஓட்டும் டிரைவர் மென்பொருளை இணையத்தில் தேடித் தேடி ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மூன்றாம் முறைக்காரர் ஜெகபர் அலி வந்தார். "மலரு, தெளிச்ச நெல்லு கருகுதும்மா." இவள் தன் இடத்தை அவருக்குக் கொடுத்து, பட்டியலைத் திருத்தி, இப்போதாவது வருகிறதா என்று மறுபடி பிரிண்ட் கொடுத்தாள். வரவில்லை. பிறகு நாலாம் ஆள் மகளின் ஆபரேஷனுக்குத் திருச்சி போகவேண்டும் என்று வந்தார். மதியம் ஆறாம் ஆள் வந்து அழுதே விட்டாள். ஒவ்வொரு முறையும் திருத்தினாள், பிரிண்ட் கொடுத்தாள். இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

மூன்று மணிக்குச் சாமிதுரை வந்து நின்றார். "என்னம்மா, காலையிலேருந்து ஆளு வர்றதும் போறதுமா இருக்கு? மிஷினு ரிப்பேரா, இல்ல லிஸ்டு ரிப்பேரா?"

"இருங்கய்யா" என்றாள். முகம் சிவந்துவிட்டது.

கோபத்தில் பிரிண்டரைப் புரட்டினாள். கடைக்காரன் ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம் மாடல் எண்ணின் மேலேயே காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினாள். மூன்று என்று அவள் நினைத்திருந்த கடைசி எண் எட்டு. சாமிக்குப் பூசுவதை அந்த மனிதர் பார்த்துப் பூசக்கூடாதா! எட்டுக்கு உரிய டிரைவரை ஏற்றி, நின்று கிடந்த பிரிண்டரை மறுபடி ஓடவிட்டாள்.

கரகரவென்று ஒரு தாள் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. காலையிலிருந்து கொடுத்ததெல்லாம் வரிசையில் காத்திருந்திருக்கிறது. அவள் எடுப்பதற்குள் சாமிதுரை எடுத்துவிட்டார்.

"இதுல உன் பேரு ரெண்டாவது." அடுத்த தாளைப் பார்த்தார். "இதுல மூணு." அடுத்ததில் நாலு. கடைசித் தாளைக் கண்ணுக்கருகே கொண்டுபோனார். "ஆறா?"

அடுப்படியிலிருந்து ராமாயி வந்துவிட்டாள். "ஆறாவதா? அடி பாவி, தனக்கு மிஞ்சித்தாண்டி தானமும் தருமமும்! நட்ட எனக்கு வயிறு எரியாதா?"

மலர்க்கொடி தலையைத் தூக்கவில்லை. "கடைசியா அடிச்சதுதான் பட்டியல். குடுங்கய்யா, நேரமாச்சு. ஒட்டணும்."

சாமிதுரை தாளைக் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, திரும்பச் செருகிக்கொண்டார்.

"பேனா படக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன். இன்னொண்ணு அடி. எனக்கு போர் தண்ணி இருக்கு, ஆறாவதுல என் பேரைப் போடு. மொதல்ல ராமாயி வயலு."

மலர்க்கொடி லேப்டாப்பில் கை வைத்தவள் அம்மாவைப் பார்த்தாள். ராமாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளின் தோளைத் தொட்டாள்.

"அடிடி."

இந்த முறை ஒரே தாள்தான் வந்தது.